செரஸ் (குறுங்கோள்)

செரஸ் என்பது செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களின் சுற்றுப்பாதைகளுக்கு இடையே உள்ள சிறுகோள் பட்டையில் அமைந்துள்ள ஒரு குறுங்கோள் ஆகும். அப்பட்டையில் காணப்படும் பொருட்கள் அனைத்திலும் இதுவே மிகப் பெரியது. இதன் சராசரி விட்டம் ஏறத்தாழ 940 கிலோமீட்டர். சிறுகோள் பட்டையின் மொத்தத் திணிவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமான அளவு இந்த ஒரு பொருளிலேயே அடங்கியுள்ளது. பாறை, நீர்ப்பனி, உப்புக்கள், களிமண் கனிமங்கள் ஆகியவற்றால் ஆன செரஸ், நெப்டியூனின் சுற்றுப்பாதைக்கு உட்பட்ட பகுதியில் காணப்படும் ஒரே குறுங்கோளும் ஆகும்.

இத்தாலிய வானியலாளரான ஜுசெப்பே பியாசி 1801 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் நாள் இதனைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய முதல் ஐம்பது ஆண்டுகள் கோள் எனவும், பின்னர் நூற்றைம்பது ஆண்டுகள் சிறுகோள் எனவும் அழைக்கப்பட்ட செரஸ், 2006 ஆம் ஆண்டு முதல் குறுங்கோள் என வகைப்படுத்தப்பட்டுள்ளது. தமிழில் சிறுமை, குறுமை ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளை உணர்த்துவதால் இச்சொற்கள் குழப்பம் தரக்கூடும். சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் சிறிய, பெரும்பாலும் ஒழுங்கற்ற வடிவம் கொண்ட பாறைப் பொருளைக் குறிக்கும். தன் ஈர்ப்பினாலேயே உருண்டை வடிவம் பெற்றிருந்தும், தன் பாதையிலுள்ள பிற பொருட்களை அகற்றும் அளவுக்குத் திணிவு பெறாததே குறுங்கோள் ஆகும்.

2015 முதல் 2018 வரை நாசாவின் டோன் விண்கலம் இதனைச் சுற்றி வந்து ஆராய்ந்தது. காற்றற்ற, வறண்ட பாறைகளின் தொகுதி என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட சிறுகோள் பட்டையின் நடுவே, ஏராளமான பனியும் நிலத்தடியில் உப்புநீரும் கொண்ட ஓர் உலகம் இருப்பதை அவ்வாய்வு வெளிப்படுத்தியது.

கண்டுபிடிப்பு

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள வெளி அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதை வானியலாளர்கள் முன்பே கவனித்திருந்தனர். 18 ஆம் நூற்றாண்டில் யோகான் டித்தியசு முன்வைத்து, யோகான் போடே பரப்பிய எண் ஒழுங்கு ஒன்று இந்த ஐயத்தை வலுப்படுத்தியது. 0, 3, 6, 12, 24 என இரட்டித்துச் செல்லும் எண்களுடன் 4 ஐக் கூட்டிப் பத்தால் வகுத்தால், கோள்களின் தொலைவுகள் வானியல் அலகில் ஓரளவு சரியாகக் கிடைக்கும் என்பதே அவ்வொழுங்கு. வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு; ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். 1781 இல் வில்லியம் ஏர்செல் கண்டுபிடித்த யுரேனசும் இவ்வொழுங்கிற்கு நெருக்கமாகவே அமைந்தது. ஆனால் 2.8 வானியல் அலகுத் தொலைவில் இருக்கவேண்டிய கோளை மட்டும் காணவில்லை.

அதனைத் தேடும் நோக்குடன் 1800 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் செருமனியின் லிலியன்தால் நகரில் வானியலாளர் சிலர் கூடினர். வான்வெளியின் இராசிப் பகுதியை 24 பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருவரிடம் ஒப்படைப்பது அவர்களது திட்டம். பிரான்சு சேவர் வான் சாக் என்பவர் இம்முயற்சியில் முன்னின்றார். சிசிலித் தீவின் பலேர்மோ வானாய்வகத்தில் பணியாற்றிய பியாசிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அழைப்பு அவரை அடையும் முன்னரே அவர் தேடப்பட்ட பொருளைக் கண்டுவிட்டார்.

பியாசி ஒரு கத்தோலிக்கத் துறவி. அவர் அப்போது ஈடுபட்டிருந்தது கோள் தேடும் பணியில் அன்று. விண்மீன்களின் இருப்பிடங்களைத் துல்லியமாக அளந்து அட்டவணைப்படுத்துவதே அவரது வேலையாக இருந்தது. பிழைகளைத் தவிர்ப்பதற்காக ஒரே விண்மீனைப் பல இரவுகள் அளப்பது அவரது வழக்கம். இடப இராசியில் அவர் குறித்துவைத்த மங்கலான ஒளிப்புள்ளி ஒன்று அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறியிருந்தது. இக்கண்டுபிடிப்பு தற்செயலானது என்று சில நூல்கள் கூறினாலும், மீண்டும் மீண்டும் அளக்கும் வழக்கம் இல்லாத ஒருவர் அப்புள்ளியைக் கண்டிருந்தாலும் கடந்து சென்றிருப்பார்.

ஜனவரி 24 ஆம் நாள் மிலான் நகரில் இருந்த தன் நண்பர் ஓரியானிக்கும், பெர்லினில் இருந்த போடேக்கும் அவர் கடிதங்கள் அனுப்பினார். அவற்றில் இதனை ஒரு வால்வெள்ளி என்றே குறிப்பிட்டார். ஆயினும் ஓரியானிக்கு எழுதியபோது, இதனைச் சூழப் புகைபோன்ற ஒளி ஏதும் இல்லை என்பதையும், இது மெதுவாகவும் சீராகவும் நகர்வதையும் எடுத்துக்காட்டி, வால்வெள்ளியை விடச் சிறந்த ஒன்றாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தையும் தெரிவித்தார். பிப்ரவரி 11 வரை 24 முறை இதனை நோக்கிய பின்னர் அவர் நோய்வாய்ப்பட்டார். அவரது அளவீடுகள் பிறருக்குக் கிடைத்து அச்சேறியபோது செப்டெம்பர் ஆகிவிட்டது. அதற்குள் அப்பொருள் சூரியனின் திசைக்கு நகர்ந்து ஒளியில் மறைந்துபோயிருந்தது.

காஸின் கணக்கீடு

பியாசியின் அளவீடுகள் வானில் 3 பாகை நீளமுள்ள ஒரு சிறு வில்லை மட்டுமே உள்ளடக்கியிருந்தன. அவ்வளவு குறுகிய பகுதியிலிருந்து ஒரு முழுச் சுற்றுப்பாதையைக் கணிக்கும் நல்ல முறை அக்காலத்தில் இருக்கவில்லை. பாதை வட்டமானது என்றோ பரவளைவானது என்றோ முன்கூட்டியே எடுத்துக்கொண்டு கணித்தவர்களின் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பல மாதங்களாக இழந்த பொருளை வானில் மீண்டும் கண்டெடுப்பது இயலாத செயலாகவே தோன்றியது.

அப்போது 24 வயதான கார்ல் பிரீடிரிக் காஸ் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். பாதையின் வடிவம் குறித்து எந்த முன்முடிவும் கொள்ளாமல், மூன்று நோக்கல்களிலிருந்தே நீள்வட்டப் பாதையைப் பெறும் முறையொன்றை அவர் உருவாக்கினார். முதலில் கிடைத்த தோராயமான விடையைப் படிப்படியாகத் திருத்திச் செல்வது அதன் அடிப்படை. அவர் கூறிய இடம் மற்றவர்கள் கூறிய இடங்களிலிருந்து பெரிதும் விலகியிருந்தது. 1801 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் இரவில், காஸ் குறித்த இடத்திற்கு அருகிலேயே சாக் அதனைக் கண்டார். என்ரிக் ஓல்பர்சு என்பவரும் தனியாக நோக்கி அதனை உறுதி செய்தார்.

காஸ் இம்முறையை மேலும் செப்பனிட்டு 1809 இல் நூலாக வெளியிட்டார். விண்பொருட்களின் பாதைகளைக் கணிக்கும் இன்றைய முறைகளுக்கு அந்நூல் ஓர் அடித்தளம் ஆகும். புதிதாகக் காணப்படும் சிறுகோள் ஒன்று பூமியின் மேல் மோதுமா என்பதைச் சில இரவு நோக்கல்களைக் கொண்டு இன்று மதிப்பிடும்போதும் அதே வினாவே எழுகின்றது.

பெயர்

பியாசி இதற்கு செரஸ் பெர்டினான்டியா எனப் பெயரிட்டார். செரஸ் என்பது உரோமானியரின் வேளாண்மைத் தெய்வம். சிசிலித் தீவின் காவல் தெய்வமாகவும் கருதப்பட்டது. பெயரின் இரண்டாம் பகுதி அந்நாட்டு மன்னர் பெர்டினான்டைக் குறித்தது. பிற நாட்டினர் அதனை ஏற்காததால் முதற் பகுதி மட்டும் நிலைத்தது. இதன் குறியீடாக அறுவடை அரிவாள் பயன்படுத்தப்படுகின்றது. 1803 இல் கண்டறியப்பட்ட சீரியம் என்னும் தனிமத்திற்கு அப்பெயர் இப்பொருளை ஒட்டியே இடப்பட்டது.

வகைப்பாடு

செரஸ் கண்டெடுக்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள், 1802 ஆம் ஆண்டு மார்ச் 28 இல், ஏறத்தாழ அதே தொலைவில் பல்லாசு என்னும் மற்றொரு பொருளை ஓல்பர்சு கண்டார். ஓரிடத்தில் ஒரு கோள் என்ற எதிர்பார்ப்பு இதனால் குலைந்தது. அவ்வாண்டிலேயே ஏர்செல், இவை தொலைநோக்கியில் வட்டத் தட்டாகத் தோன்றாமல் விண்மீன் போலப் புள்ளியாகவே தோன்றுவதைக் காட்டி, விண்மீன் போன்றவை எனப் பொருள்படும் ஆஸ்டிராய்டு என்ற சொல்லை முன்மொழிந்தார். பியாசிக்கு அச்சொல் உவப்பாக இல்லை. அவர் கோள் போன்றவை எனப் பொருள்படும் சொல்லை விரும்பினார். 1804 இல் யூனோவும் 1807 இல் வெசுட்டாவும் கண்டுபிடிக்கப்பட்டன. அதன் பின்னர் 38 ஆண்டுகள் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. எனவே நான்கும் கோள்களின் வரிசையிலேயே நூல்களில் இடம்பெற்று வந்தன.

1845 இல் அசுட்ரியா கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. அடுத்த ஆண்டுகளில் புதிய பொருட்கள் தொடர்ச்சியாகக் கிடைத்தன. ஒவ்வொன்றையும் கோள் என்று அழைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வரைந்துகொண்டிருப்பது இயலாதெனத் தெளிவானது. 1850 களில் அவற்றைக் கண்டுபிடிப்பு வரிசைப்படி எண்ணிட்டுத் தனி வகையாகக் கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. செரசுக்கு எண் 1 கிடைத்தது. இவ்வரிசையில் 67 ஆவதாக உள்ள ஏசியா என்னும் சிறுகோள், 1861 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்பவரால் கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுவே என்பதால் அப்பெயர் பெற்றது.

நெப்டியூனுக்கு அப்பால் புளூட்டோவை ஒத்த பொருட்கள் காணப்பட்டதைத் தொடர்ந்து, கோள் என்பதற்கு வரையறை வகுக்கவேண்டிய தேவை மீண்டும் எழுந்தது. 2006 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பிராகா நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் முன்வைக்கப்பட்ட முதல் வரைவு, உருண்டை வடிவம் ஒன்றையே முதன்மை அளவுகோலாகக் கொண்டது. அது நிறைவேறியிருந்தால் செரஸ், புளூட்டோவின் துணையான சாரன், பின்னர் ஏரிசு எனப் பெயர் பெற்ற பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து கோள்களின் எண்ணிக்கை 12 ஆகியிருக்கும். ஆகத்து 24 இல் ஏற்கப்பட்ட இறுதி வரையறை, தன் சுற்றுப்பாதைப் பகுதியை வெறுமையாக்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. பல்லாயிரக்கணக்கான சிறுகோள்களின் நடுவே சுற்றும் செரசால் அதனை நிறைவு செய்ய இயலாது. புளூட்டோ கீழிறக்கப்பட்டது உலகெங்கும் பெரும் செய்தியானது. அதே தீர்மானத்தால் செரஸ் மேலேற்றப்பட்டது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. சிறுகோள் எண் 1 என்ற அடையாளம் இதனிடமிருந்து நீக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் பலரும் இன்றும் இரு சொற்களையும் பயன்படுத்துகின்றனர்.

சுற்றுப்பாதையும் இயல்புகளும்

செரஸ் சூரியனிலிருந்து சராசரியாக 2.77 வானியல் அலகுத் தொலைவில் அமைந்து, 4.6 ஆண்டுகளில் ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகின்றது. இதன் பாதை பூமியின் பாதைத் தளத்திற்கு ஏறத்தாழ 10.6 பாகை சாய்ந்துள்ளது. தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 9 மணி 4 நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றது. சூரிய ஒளி இதனை அடைய ஏறத்தாழ 23 நிமிடங்கள் ஆகும். அங்கு விழும் ஒளியின் செறிவு பூமியில் விழுவதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

இதன் அச்சுச் சாய்வு தற்போது 4 பாகை அளவே. எனவே துருவங்களை அடுத்த சில பள்ளங்களின் அடித்தளத்தில் சூரிய ஒளி விழுவதே இல்லை. இருப்பினும் இச்சாய்வு நிலையானதன்று. ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 2 பாகைக்கும் 20 பாகைக்கும் இடையே அது மாறி வருவதாக 2017 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதிகச் சாய்வின்போதும் நிழலிலேயே இருக்கும் சில பள்ளங்களில் பனிப் படிவுகள் காணப்படுவது குறிப்பிடத்தக்கது.

தொலைநோக்கியில் புள்ளியாக மட்டுமே தெரிந்த காரணத்தால் இதன் அளவைப் பற்றிய மதிப்பீடுகள் நெடுங்காலம் தடுமாறின. 1802 இல் ஏர்செல் இதன் விட்டத்தை 260 கிலோமீட்டர் என மதிப்பிட்டார். 1811 இல் யோகான் சுரோட்டர் அதனை 2,613 கிலோமீட்டர் என்றார். ஒன்று மிகக் குறைவு, மற்றது மிக அதிகம். இன்று அறியப்பட்ட அளவின்படி இதன் மேற்பரப்பின் பரப்பளவு ஏறத்தாழ 28 இலட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் பரப்பளவை விடச் சற்றுக் குறைவு. திணிவு நிலவின் திணிவில் 1.3 விழுக்காடு. மேற்பரப்பு ஈர்ப்பு பூமியினதில் 35 இல் ஒரு பங்கு என்பதால், பூமியில் 70 கிலோகிராம் எடை காட்டும் ஒருவர் அங்கு 2 கிலோகிராம் எடையே காட்டுவார்.

இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம். இவ்வொரு எண்ணே இப்பொருளின் இயல்பைப் பெருமளவு விளக்கிவிடுகின்றது எனலாம். பாறையின் அடர்த்தி பொதுவாக 3 ஐ அண்டியது. பனியின் அடர்த்தி 1 ஐ விடச் சற்றுக் குறைவு. செரஸ் இரண்டுக்கும் இடைப்பட்டதாக உள்ளதால், இதன் திணிவில் கணிசமான பங்கு நீராகவோ நீர் கலந்த கனிமங்களாகவோ இருத்தல் வேண்டும். நீரேறிய கனிமங்களின் அடையாளங்கள் இதன் நிறமாலையில் 1970 களின் பிற்பகுதியிலிருந்தே அறியப்பட்டிருந்தன. ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு 2005 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இதன் வடிவம் உள்ளே அடுக்குகளாகப் பிரிந்த ஒரு பொருளுக்குரியது என்று காட்டியது. 2014 இல் ஏர்செல் விண்வெளி ஆய்வகம் இதனிடமிருந்து நீராவி வெளிப்படுவதைக் கண்டறிந்தது. வெளியேறிய அளவு நொடிக்கு 6 கிலோகிராம். நீராவியை வெளியிடுவது வால்வெள்ளியின் இயல்பாகவே கருதப்பட்டு வந்ததால், பியாசி முதலில் எழுதிய சொல் முற்றிலும் பொருந்தாதது என்று கூறிவிட முடியாது.

டோன் விண்கலம்

நாசாவின் டோன் விண்கலம் 2007 ஆம் ஆண்டு செப்டெம்பர் 27 இல் ஏவப்பட்டது. செலவு மிகுந்ததாலும் தொழில்நுட்பச் சிக்கல்களாலும் இத்திட்டம் 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் கைவிடப்பட்டு, அம்மாதம் முடியும் முன்னரே மீட்கப்பட்டது. இவ்விண்கலம் செனான் வளிமத்தை மின்னேற்றி வெளித்தள்ளும் அயனி உந்துபொறிகளால் இயங்கியது. அவற்றின் உந்துவிசை ஒரு தாளின் எடையளவே. ஆனால் அவ்விசையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செலுத்த முடிந்ததால், 2011 முதல் 2012 வரை வெசுட்டாவைச் சுற்றி ஆராய்ந்துவிட்டு, அதனை விட்டு நீங்கி, 2015 ஆம் ஆண்டு மார்ச் 6 இல் செரசின் சுற்றுப்பாதையை அடைய முடிந்தது. பூமிக்கு அப்பாற்பட்ட இரு பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிய முதல் விண்கலம் இதுவாகும். நியூ ஒரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தது அதற்கு நான்கு மாதங்கள் கழித்தே என்பதால், ஒரு குறுங்கோளை முதலில் அடைந்த பெருமையும் டோனுக்கே உரியது.

2018 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இது மேற்பரப்பிலிருந்து 35 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கியது. விண்கலத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் எரிபொருள் தீர்ந்ததால் 2018 நவம்பர் 1 இல் திட்டம் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. செயலிழந்த விண்கலத்தைச் செரசின் மேல் விழச் செய்யாமல், பல பத்தாண்டுகள் நிலைக்கும் பாதையிலேயே விட்டுள்ளனர். உயிர் தோன்றுவதற்கான வேதியியல் அங்கு நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதால், பூமியிலிருந்து சென்ற நுண்ணுயிர்கள் அங்கு படியாமல் காப்பதே இதன் நோக்கம்.

மேற்பரப்பு

செரசின் மேற்பரப்பு கரியைப் போல் இருண்டது. தன் மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கையும் அது திருப்பி அனுப்புவதில்லை. எங்கும் விண்கற்கள் மோதியதால் உண்டான கிண்ணக்குழிகள் காணப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரியது ஏறத்தாழ 280 கிலோமீட்டர் விட்டமுள்ள கெர்வான். இவ்வளவு பழமையான பொருளில் இதனை விடப் பெரிய குழிகள் பல எதிர்பார்க்கப்பட்டன. அவை காணப்படாமை, காலப்போக்கில் பனி கலந்த நிலம் மெல்ல இளகி அவற்றை நிரவிவிட்டதைக் காட்டுவதாகக் கருதப்படுகின்றது.

டோன் நெருங்கியபோது அனைவரையும் ஈர்த்தது, ஒக்காட்டர் என்னும் 92 கிலோமீட்டர் விட்டமுள்ள குழியின் நடுவே பளிச்சிட்ட வெண்ணிறப் பொட்டுகள் ஆகும். அவை பனியாக இருக்கலாம் என்று முதலில் எண்ணப்பட்டது. 2016 இல் வெளியான நிறமாலை ஆய்வு, அவை பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டு என்னும் உப்பு என்று காட்டியது. நிலத்தடியிலிருந்து வெளிப்பட்ட உப்புநீரில் நீர் ஆவியாகிப் போக, உப்பு எஞ்சியுள்ளது. உப்பளத்தில் நிகழ்வதும் இதுவே; வெயிலுக்குப் பதிலாக இங்கு வெற்றிடம் நீரைக் கவர்ந்துகொள்கின்றது. ஒக்காட்டர் குழி ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உண்டானது. அதன் வெண்படிவுகளில் சில, அதனை விட மிகவும் பிற்பட்டவை.

2020 இல் வெளியான ஆய்வுகள் மேலும் ஒரு படி சென்றன. அவ்வெண்படிவின் நடுவே நீர் கலந்த சோடியம் குளோரைடு, அதாவது ஈரம் வற்றாத கறியுப்பு, காணப்பட்டது. செரசின் வெறுமையான மேற்பரப்பில் அது விரைவில் தன் நீரை இழந்துவிடும். எனவே அண்மைக் காலம் வரை, ஒருவேளை இன்றும், உப்புநீர் கசிந்துகொண்டிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். ஈர்ப்பு அளவீடுகள் அக்குழிக்கு அடியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஆழத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள உப்புநீர்த் தேக்கம் இருப்பதைச் சுட்டின. வியாழன், சனி ஆகியவற்றின் துணைக்கோள்களை வெப்பமாக வைத்திருப்பது பெருங்கோள்களின் ஈர்ப்பு இழுவை. அத்தகைய துணை ஏதுமின்றித் தனித்துச் சுற்றும் செரசில் நீர் உறையாமல் இருப்பதற்கு, உறைநிலையைத் தாழ்த்தும் உப்புக்களே முதன்மைக் காரணம்.

செரசில் வெண்ணிறப் பொட்டுகள் முன்னூறுக்கும் மேற்பட்ட இடங்களில் உள்ளன. வெளிப்படையான நீர்ப்பனி ஒக்சோ முதலிய சில குழிகளில் மட்டுமே காணப்பட்டது. ஆனால் மண்ணின் மேல் அடுக்கிற்குச் சற்றுக் கீழே, குறிப்பாகத் துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல, பனி பரவலாக உள்ளது என்பதை விண்கலத்தின் நியூத்திரன் அளவீடுகள் உணர்த்தின. எர்னுடெட் குழியின் அருகே கரிம மூலக்கூறுகள் செறிந்திருப்பது 2017 இல் அறிவிக்கப்பட்டது.

சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் அகுனா மலை மற்றொரு வியப்பு. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரமுள்ள இது, உப்பும் சேறும் கலந்த குளிர்ந்த குழம்பு மேலெழுந்து உருவான பனி எரிமலை எனக் கருதப்படுகின்றது. வேறு பனி எரிமலைகள் முற்காலத்தில் இருந்து, தம் எடையாலேயே அமிழ்ந்து தட்டையாகியிருக்கலாம்.

இங்குள்ள கிண்ணக்குழிகளுக்கு உலக மக்களின் வேளாண்மைத் தெய்வங்களின் பெயர்களும், பிற நிலவமைப்புகளுக்கு வேளாண்மைத் திருவிழாக்களின் பெயர்களும் சூட்டப்படுகின்றன. அகுனா என்பது நாகாலாந்தின் சுமி நாகர் கொண்டாடும் அறுவடைக்குப் பிந்தைய விழா. குழித்தொடர் ஒன்றிற்குத் தமிழரின் பொங்கல் விழாவின் பெயர் இடப்பட்டுள்ளது.

உள்ளமைப்பு

செரசின் உட்பகுதி நீரேறிய பாறையாலும், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தடிப்புள்ள மேலோடு பனி, உப்பு, களிமண் ஆகியவற்றின் கலவையாலும் ஆனவை. மேலோட்டில் பனி எவ்வளவு என்பது குறித்துக் கருத்து வேறுபாடு உள்ளது. குழிகள் பெரும்பாலும் வடிவம் கெடாமல் ஆழமாகவே இருப்பதால், பனி பாதிக்கும் குறைவாகவே இருக்க முடியும் என டோன் தரவுகளை முதலில் ஆய்ந்தவர்கள் கருதினர். 2024 இல் வெளியான கணினி ஆய்வொன்று இதனை மறுத்தது. சிறிதளவு தூசு கலந்தாலே பனியின் இளகும் தன்மை பெரிதும் குறைந்துவிடுவதால், மேலோட்டின் மேற்பகுதியில் பனி 90 விழுக்காடு வரை இருக்கலாம் என அது கூறியது. அவ்வாறாயின் செரஸ் ஒரு காலத்தில் அழுக்கு மண்டிய கடலால் சூழப்பட்டிருந்து, பின்னர் அக்கடல் உறைந்து இன்றைய மேலோடாகியிருக்கும்.

2025 இல் வெளியான மற்றோர் ஆய்வு, கதிரியக்கத்தால் சூடான உட்பாறையிலிருந்து வெந்நீரும் வளிமங்களும் அக்கடலில் கலந்திருந்தால், ஏறத்தாழ 400 கோடி முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் நுண்ணுயிர்களுக்குப் போதுமான வேதி ஆற்றல் அங்கு கிடைத்திருக்கும் எனக் கணித்தது. உயிர் அங்கு இருந்தது என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. இன்றைய செரஸ் அதற்கு மிகவும் குளிர்ந்தது.

தோற்றம்

செரஸ் எங்கு பிறந்தது என்பது இன்னும் தீராத வினா ஆகும். 2015 இல் இதன் மேற்பரப்பெங்கும் அம்மோனியா கலந்த களிமண் இருப்பது கண்டறியப்பட்டது. அம்மோனியா உறைந்து பனியாவதற்கு, செரஸ் இன்று இருக்கும் இடத்தை விட மிகக் குளிர்ந்த சூழல் தேவை. எனவே இது வியாழனுக்கோ நெப்டியூனுக்கோ அப்பால் உருவாகி, பெருங்கோள்களின் இடப்பெயர்ச்சியின்போது உள்நோக்கித் தள்ளப்பட்டிருக்கலாம் என்பது ஒரு கருத்து. இது இங்கேயே உருவாகி, வெளிப்பகுதியிலிருந்து நகர்ந்து வந்த பனித்துகள்களைச் சேர்த்துக்கொண்டது என்பது மற்றொன்று. கோன்சஸ் என்னும் குழியில் அம்மோனியம் மிகுந்த பொருள் உப்புநீருடன் ஆழத்திலிருந்து வெளிப்பட்டிருப்பதைக் காட்டும் 2024 ஆம் ஆண்டின் ஆய்வு, இரண்டாம் கருத்திற்கு வலு சேர்த்தது.

இவ்வினாவின் விடை செரசுடன் நின்றுவிடுவதன்று. பூமியின் நீரில் ஒரு பகுதி இத்தகைய பொருட்களின் மோதல்களால் வந்தது என்று பரவலாகக் கருதப்படுகின்றது. சூரியக் குடும்பத்தின் உட்பகுதியில் பாறை, வெளிப்பகுதியில் பனி என்று கோடு கிழித்துக் கற்பிக்கப்படும் பாடம், இரண்டும் கலந்த செரசிடம் வந்து தடுமாறுகின்றது.

வெசுட்டாவிலிருந்து சிதறிய கற்கள் பூமியில் நிறையக் கிடைத்துள்ளன. செரசிலிருந்து வந்தது என உறுதி செய்யப்பட்ட விண்கல் ஒன்றுகூட இல்லை. மோதல்களால் சிதறிய துண்டுகள் இதே பாதையில் ஒரு கூட்டமாகச் சுற்றவும் இல்லை. சிதறியவை பெரும்பாலும் பனியாக இருந்து ஆவியாகியிருக்கலாம் என்பது தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஆகவே இதன் பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டுமெனில் அங்கு சென்றே எடுத்து வருதல் வேண்டும். 2022 இல் வெளியான ஐக்கிய அமெரிக்காவின் கோள் அறிவியல் பத்தாண்டு அறிக்கை, நாசாவின் நடுத்தரத் திட்டங்களுக்குப் பரிந்துரைத்தவற்றுள் செரசிலிருந்து மாதிரி கொண்டுவரும் பயணத்தையும் சேர்த்துள்ளது.

நோக்குதல்

பூமிக்கு மிக அருகில் வரும்போதும் செரஸ் ஏறத்தாழ 24 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் வரும் காலமே இதனைக் காண ஏற்றது. 15 அல்லது 16 மாதங்களுக்கு ஒருமுறை அந்நிலை அமையும். அப்போது இதன் தோற்றப் பொலிவு 7 ஐ அண்டி இருப்பதால், வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. சாதாரண இருகண் தொலைநோக்கி போதுமானது. விண்மீன்களிடையே இதனை வேறுபடுத்தி அறிய, பியாசி செய்ததைப் போல் ஒரே பகுதியை அடுத்தடுத்த இரவுகளில் வரைந்து ஒப்பிட வேண்டும்.